சுருதி சேருது, காலப்பிரமாணம் சேரல

தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அண்ணன், என் கையிலிருந்த கேம் மிஷினை வாங்கி மாரியோவின் முதல் கட்டத்தை ஆரம்பித்தான். முதல் பச்சைக் குழாய் வரைக்கும் போயிருப்பான். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"பாப்பா, இது வேகமா போகுது."

"முப்பது வருஷம் ஆச்சுண்ணா. கை மறந்திருக்கும்."

"கையை விடு, பாட்டைக் கேளு. சுருதி அப்படியே இருக்கு. காலப்பிரமாணம்தான் ஏறியிருக்கு."

அண்ணன் வில்லிவாக்கத்தில் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டவன். நம்ம வீட்டில் ஓடியது இப்படி, இது ஓடுவது இப்படி என்று தொடையில் தட்டிக் காட்டினான். எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஆனால் தாளத்தில் அவன் ஒன்று சொன்னால் அதைத் தள்ளிவிட முடியாது. அவன் ஊருக்குக் கிளம்பும் வரை மூன்று நாள் இதே வேலையாக உட்கார்ந்தோம்.

மிஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச். 3.5 அங்குலத் திரை, 640-க்கு 480 புள்ளிகள், உள்ளே நான்கு கோர் ஆல்வின்னர் எச்700 சிப், 1 ஜிபி ராம். அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எடுப்பேன். கொரட்டூரில் ஆரம்பித்து, இரண்டாவது கட்டமான 1-2-இன் கூரைமேல் ஓடி ரகசியக் குழாயில் இறங்கினால், பேசின் பிரிட்ஜ் சிக்னலில் வண்டி நிற்கும்போது நான்காம் உலகத்தில் இருப்பேன். பக்கத்தில் உட்காருபவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "அந்தக் காலத்து டிவி கேமெல்லாம் இதுல ஓடுமா?"

ஓடும். ஃபாமிகாம், சூப்பர் ஃபாமிகாம், சேகாவின் மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் எல்லாம் தங்குதடையில்லாமல் ஓடுகின்றன. நிண்டெண்டோ 64-இலும் டிரீம்காஸ்ட்டிலும் சில ஆட்டங்கள் நன்றாக ஓடும், சில திணறும். பிளேஸ்டேஷன் 2 இந்த மிஷினில் வேண்டவே வேண்டாம், அதற்கு இன்னும் பெரிய சிப் வேண்டும். ரயிலில் இவ்வளவு சொன்னால் போதும். அண்ணனுக்குப் போதவில்லை.

1995 தீபாவளி போனஸில் அப்பா பர்மா பஜாரில் வாங்கி வந்தார் எங்கள் பெட்டியை. அப்பாவுக்கு ஐசிஎஃப்பில் வேலை. நிண்டெண்டோ என்ற பெயரே எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்கு அது டிவி கேம், அவ்வளவுதான். டயனோரா டிவியின் பின்னால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதன் ஒயரைச் செருகி, மெதுவாகத் திருகித் திருகி சேனலைப் பிடிக்க வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி ஊதுவோம். கேசட்டின்மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். அண்ணன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நோட்டில் எழுதிப் பார்த்தான். டேங்க், கார், சர்க்கஸ், கான்ட்ரா என்று பன்னிரண்டு ஆட்டங்கள்தான், பெயரை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். ஜாய்ஸ்டிக் ஒயர் உள்ளே அறுந்துபோனால் அப்பா ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போய் சால்டர் வைத்துக் கொண்டுவருவார்.

அந்தப் பெட்டி, 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாமின் நகல். ஃபாமிகாமில் 6502 வகை சிப், நொடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் துடிப்பு. வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட் ஆகும், ஆகவே இந்தப் பதிவில் இதுவரை நான் எழுதியதே அந்த நினைவகத்தில் அடங்காது. என் கையிலிருக்கும் சிப்போ நொடிக்கு 150 கோடி துடிப்பு வரை போகும்.

அப்படியானால் பழைய பெட்டியைப் போல நடிப்பது சுலபம்தானே என்று தோன்றும். கடினம் வேகத்தில் இல்லை, ஒத்துப்போவதில் இருக்கிறது. ஃபாமிகாமில் கணக்குப் போட ஒரு சிப், படம் வரைய ஒரு சிப். கணக்குச் சிப் ஒரு துடிப்பு அடிப்பதற்குள் படச் சிப் மூன்று புள்ளிகளைத் திரையில் வைத்துவிடும். ஆட்டம் எழுதியவர்கள் இந்த மூன்றுக்கு ஒன்று கணக்கை நம்பியே வித்தை காட்டினார்கள். மாரியோவில் பின்னணி நகரும்போது மேலே மதிப்பெண் வரி மட்டும் அசையாமல் நிற்கிறதே, அது எப்படி? அங்கே இருக்கும் காசுப் படத்தின் அடிப்பகுதி வரைந்து முடிவதற்காக ஆட்டம் காத்திருக்கும். முடிந்த அந்தக் கணத்தில் கீழே உள்ளதை மட்டும் நகர்த்தும். எமுலேட்டர், அதாவது பழைய மிஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள், அந்தக் கணத்தைப் பிசகவிட்டால் மதிப்பெண் வரி நடுங்கும். தவிலும் நாதஸ்வரமும் மாதிரி என்றான் அண்ணன். தனித்தனியாக நன்றாக வாசித்தால் மட்டும் போதாது.

கையடக்க மிஷின்கள் இதை இன்று நேற்றுச் செய்யவில்லை. 2004-இல் மஸ்கட்டிலிருந்து வந்த சித்தப்பா மகன் கேம் பாய் அட்வான்ஸ் கொண்டுவந்தான். அதில் பாக்கெட்நெஸ் என்ற எமுலேட்டர் இருந்தது. 16.78 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1.678 கோடி துடிப்புள்ள சிப்தான். ஃபாமிகாமைவிட ஒன்பது மடங்கு வேகம் என்றாலும், இன்னொரு மிஷினின் ஒரு கட்டளையைப் படித்துப் பிரித்து ஈடானதைச் செய்யப் பல கட்டளைகள் செலவாகும், அதனால் ஒன்பது மடங்கு என்பது இறுக்கிப் பிடித்த பட்ஜெட். அதைச் சிப்பின் சொந்தக் கட்டளை மொழியான அசெம்பிளியில் எழுதிச் சமாளித்திருந்தார்கள். இரண்டு மிஷினும் படத்தை 8-க்கு 8 புள்ளி ஓடுகளாக அடுக்குபவை என்பதால், வரையும் வேலையை அதன் சொந்தப் பட வன்பொருளிடமே விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் வியப்பு அதுதான். ஆனால் திரையில் 160 வரிதான் உண்டு, ஃபாமிகாம் படமோ 240 வரி. வரிகளை விட்டு அமுக்க வேண்டும், இல்லையென்றால் படத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டு ஆட வேண்டும்.

பிறகு அண்ணன் வாங்கிய பிஎஸ்பி, சோனியின் கையடக்க மிஷின். 2006 கடைசியில் சோனியே அதில் முதல் பிளேஸ்டேஷன் ஆட்டங்களை ஓட வழி செய்தது. இரண்டின் சிப்பும் மிப்ஸ் என்ற ஒரே குடும்பம். தமிழ் பேசுபவர் மலையாளம் கேட்பதுபோல, எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டிய பாரம் அங்கே இல்லை. இதற்கு நேர்மாறு சேகா சாட்டர்ன். இரண்டு எஸ்எச்-2 சிப், படத்துக்குத் தனியாக இரண்டு சிப். அத்தனையையும் ஒரே தாளத்தில் நிறுத்துவது இன்றைக்கும் சின்ன மிஷின்களுக்குப் பெரும்பாடு.

சரி, வேகத்துக்கு வருகிறேன்.

அன்றைய இந்தியத் தொலைக்காட்சி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை. நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி, நொடிக்கு 60 முறை. மாரியோ தன் நேரத்தை இந்தப் புதுப்பித்தலை வைத்துத்தான் எண்ணுகிறது. ஒரு புதுப்பித்தலுக்கு மாரியோ ஓர் எட்டு, பாட்டு ஓர் எட்டு. 60 இருந்த இடத்தில் 50 வந்தால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும்.

பால் நாடுகளுக்காகத் தைவான் சிப்புகளில் செய்த நகல் பெட்டிகளில் ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. நிண்டெண்டோ ஐரோப்பாவில் விற்ற அசலில் கணக்குச் சிப்பின் துடிப்பை 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தார்கள், மூன்றுக்கு ஒன்று கணக்கும் 3.2 ஆகிப்போனது. நகல் செய்தவர்கள் துடிப்பை 1.77-இல் நிறுத்தி, மூன்றுக்கு ஒன்றையும் அப்படியே காப்பாற்றினார்கள். என்டிஎஸ்சியின் 262 வரியை 312 ஆக்க வேண்டுமே, அந்தக் கூடுதல் 50 வரி நேரமும் படம் வரைந்து முடித்த பின் படச் சிப் சும்மா காத்திருக்கும். ஜப்பான் கேசட் எதைச் செருகினாலும் ஓட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

பாட்டின் சுருதியைத் தீர்மானிப்பது கணக்குச் சிப்பின் துடிப்பு. 1.79-க்கும் 1.77-க்கும் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு. காலப்பிரமாணத்தைத் தீர்மானிப்பது திரை. அது ஆறில் ஒரு பங்கு குறைவு. எந்தப் புத்தகமும் படிக்காமல் அண்ணன் தொடையில் தட்டிச் சொன்னது இதைத்தான். இதைப் படித்துக் காட்டியபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு டம்ளர் காபி கேட்டான்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். முதல் கட்டத்தில் கடிகாரம் 400-இல் தொடங்கும். ஓர் எண் குறைய 24 புதுப்பித்தல். 60 என்றால் மொத்தம் 160 நொடி. எங்கள் வீட்டில் 192 நொடி. ஆட்டத்துக்குள் எல்லாம் சேர்ந்தே மெதுவாவதால் மாரியோவுக்கு இதில் லாபம் எதுவும் கிடையாது. லாபம் நம் விரலுக்கு. பள்ளத்தின் விளிம்பில் யோசிக்க எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் இருந்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் நான் தாண்டிய பள்ளத்தில் இப்போது ஏன் விழுகிறேன் என்று ஒரு மாதமாக மனதுக்குள் இருந்த குறுகுறுப்பு அன்றைக்குத்தான் அடங்கியது.

எமுலேட்டர் எழுதியவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில், ஃபாமிகாமுக்கான எஃப்சிஈயுஎம்எம் கோரின் அமைப்புகளில் 'ரீஜன்' என்று ஒன்று உண்டு. என்டிஎஸ்சி, பால், அதற்குக் கீழே 'டெண்டி'. டெண்டி என்பது 1992 கடைசியிலிருந்து ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர். மாஸ்கோவிலும் வில்லிவாக்கத்திலும் பிள்ளைகள் கேட்ட மாரியோ பாட்டு ஒரே வேகத்தில் இருந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் திறந்தேன். முதல் இரண்டு சுரம் வந்ததுமே அண்ணன் தலையை ஆட்டிவிட்டான்.

ஆனாலும் முழுதாகச் சேரவில்லை. என் மிஷினின் திரை 60-இல் புதுப்பிப்பது. நொடிக்கு 50 படத்தை 60 இடத்தில் நிரப்ப, ஐந்து படத்துக்கு ஒன்றை இரண்டு முறை காட்ட வேண்டும். மாரியோ ஓடும்போது பின்னணி லேசாகத் தட்டித் தட்டி நகரும். பாட்டைக் கேட்டால் வீடு, படத்தைப் பார்த்தால் இல்லை. திரையின் அளவிலும் இதே இழுபறி. 256-க்கு 240 படத்தைச் சரியாக இரண்டு மடங்கு ஆக்கினால் 512-க்கு 480, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. டயனோராவில் பார்த்த அகலம் வேண்டுமென்று 640-க்கு இழுத்தால் ஒரு புள்ளி தடிமனாகவும் அடுத்தது ஒல்லியாகவும் வரும். நான் பட்டையோடே ஆடுகிறேன்.

வாத்து சுடும் ஆட்டத்துக்கு வழியே இல்லை. டிவியை நோக்கிப் பிடிக்கும் அந்த ஆட்டத் துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கியின் கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும். பழைய டிவியின் குழாயில் வெளிச்சம் எந்த நொடியில் எங்கே வரும் என்பதை நம்பிச் செய்தது. எமுலேட்டரில் குறியை நகர்த்திச் சுடலாம், அது வேறு ஆட்டம்.

மூன்றாம் நாள் ராத்திரி இன்னொரு அமைப்பு கண்ணில் பட்டது. நகல் பெட்டிகளின் ஒலிச் சிப்புகள் பலவற்றில் ஒரு தவறு உண்டு. சதுர அலை எவ்வளவு நேரம் மேலே நிற்க வேண்டும் என்று சொல்லும் இரண்டு பிட்டுகள் இடம் மாறிப்போயிருக்கும். 25 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 50, 50 வர வேண்டிய இடத்தில் 25. சுரம் மாறாது, நாதம் மாறும். அந்தத் தவறையும் வேண்டுமென்றே செய்ய ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தன் வீட்டுப் பெட்டியின் குரலை மறக்க மனமில்லாமல் இதை எழுதியிருக்க வேண்டும்.

போட்டுக் கேட்டோம். "இதுதான்" என்றான் அண்ணன். "இல்லவே இல்ல" என்றேன் நான். ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை, வீடு மாற்றும்போது அம்மா காயலான் கடையில் போட்டுவிட்டார். அவன் கண்ணை மூடிக்கொண்டு தட்டிக் காட்டினான், நான் காசு எடுக்கும் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். அம்மா வந்து விளக்கை அணைக்கும் வரை தீரவில்லை.

ஆட்டத்துக்கு ஆட்டம் அமைப்பைத் தனியாகச் சேமிக்கலாம். அதே ஃபைலை இரண்டு பெயரில் வைத்திருக்கிறேன், 'அண்ணன்', 'பாப்பா'. இரண்டும் டெண்டி. ஒன்றில் நாதம் மாறியது, ஒன்றில் மாறாதது.

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. "மிஷின் கிட்ட இருக்கா? போனைப் பக்கத்துல வை" என்றான். எதைத் திறக்க என்று நான் கேட்கவில்லை. அவனுடையதைத் திறந்து வைத்தேன். பாட்டு ஓட ஓட, அந்தப் பக்கத்தில் மேசைமேல் அவன் விரல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.