வேதாரண்யத்தில் உப்பும் ஓட்டும்

கும்பகோணத்தில் பஸ் ஏறி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போனேன். 1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜியின் அணி திருச்சியிலிருந்து நடந்து வந்ததும் கிட்டத்தட்ட இதே பாதைதான். அவர்களுக்குச் சோறு போட்டால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் மிரட்டியதும், ஜனங்கள் பொட்டலம் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டதும் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் போனது ருக்மிணி லட்சுமிபதிக்காக.

வேதாரண்யம் போராட்டத்தில் கைதாகி ஒரு வருஷம் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போன முதல் பெண் என்பார்கள். 1926இல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண் வாக்குரிமை மாநாட்டுக்குப் போய்வந்தவரும் அவரே. பாரிஸ் எங்கே, வேதாரண்யத்துக்குப் பக்கத்து அகத்தியம்பள்ளி உப்பளம் எங்கே!

லண்டனில் பெண்கள் ஓட்டுக்காகக் கண்ணாடி உடைத்து ஜெயிலுக்குப் போனார்கள், நமக்குச் சும்மா கிடைத்துவிட்டது என்று சிலர் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அப்படி லண்டனில் கண்ணாடி உடைத்துச் சிறை போன மார்கரெட் கசின்ஸ்தான் 1917இல் சென்னையில் சரோஜினி நாயுடு குழுவோடு, இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவைப் பார்த்து ஓட்டுரிமை கேட்டார். 1921இல் சென்னை மாகாணம், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, சரி என்றது. ஆனால் யாருக்கு? சொத்து இருக்கிற பெண்களுக்கு. உப்பு வாரியவர்களுக்கு இல்லை. மனு கொடுத்து வாங்க முடிந்தது அவ்வளவுதான். மீதி, உப்பு மாதிரி வேறு பெயரில் நடந்த சண்டைகளோடு சேர்ந்து வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இத்தனைக்கும் தண்டிக்குக் காந்தி கூட்டிப்போன அணியில் ஒரு பெண்கூட இல்லை. எல்லோருக்கும் ஓட்டு வந்த 1951-52 தேர்தலிலும், சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி' என்றே பதிந்ததால் நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள், பெரும்பாலும் வடக்கே.

நினைவு ஸ்தூபியைப் பார்த்துவிட்டு உப்பளப் பக்கம் நடந்தேன். காலையிலேயே போய்விடுங்கள், ஒதுங்க நிழல் கிடையாது. மூட்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கதையைச் சொன்னேன்.

"ராஜாஜி தெரியும். அந்தம்மா அப்புறம் என்ன ஆனாங்க, தம்பி?"

1937இல் சட்டசபைத் துணை சபாநாயகர், 1946இல் சென்னை மாகாண சுகாதார மந்திரி என்றேன்.

"மந்திரியா? இங்க வந்து ஜெயிலுக்குப் போன பொம்பளையா?" என்றவர், அடுத்த பாத்தியில் நின்றவரைக் கூப்பிட்டு எனக்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.