மாயாற்றுப் பாறும் என் மடிக்கணினியும்

பாறு கழுகைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றால் காட்டிலேயே கிடப்பேன் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிப் பொழுது கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் முன்னால்தான் போகிறது.

சீகூர் பீடபூமி நீலகிரியின் மழை மறைவுப் பகுதி. எங்கும் முட்புதர், வறண்ட காடு. மாயாறும் அதில் சேரும் ஓடைகளும் போகும் கரையில் மட்டும் நீர்மருது ஓங்கி நிற்கும். வெண்முதுகுப் பாறு கூடு கட்டுவது பெரும்பாலும் அந்த மரங்களில்தான். ஆகவே பாறு கழுகைத் தேட முதலில் தண்ணீர் போகும் வழியைத் தேட வேண்டும். 2000-இல் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது, 30 மீட்டருக்கு ஒரு கட்டம். எந்தக் கட்டத்திலிருந்து எந்தப் பக்கம் நீர் இறங்கும் என்று கணக்கிட்டால் ஓடைகள் தெரிந்துவிடும். இது சுலபம்.

சிக்கல் சீமைக்கருவேலம். மார்ச்சில் காடே இலை உதிர்த்துக் கிடக்கும்போது, செயற்கைக்கோள் படத்தில் கரையோரம் பச்சை தெரிந்தால் நீர்மருது என்று எழுதிவிட முடியாது. அந்தச் சனியனும் பச்சையாகத்தான் இருக்கும். சென்டினல்-2 படத்தின் 10 மீட்டர் கட்டத்துக்குள் இரண்டும் கலந்தே விழும். நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு, யானை வழிவிட்டால்.

அப்புறம், மரம் இருந்தால் மட்டும் போதுமா? டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி போட்ட மாடு செத்தால், அதைத் தின்னும் பாறும் செத்துவிடும். கால்நடைக்கு அதைப் போடுவதை 2006-லேயே தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க 2015 வரை ஆனது.

பாறு பறக்கும் தூரத்துக்கு என் வரைபடம் போதாது. பந்திப்பூர் பக்கம் வேலை செய்பவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.