எட்டு வாரம் ஒரே இறைச்சி: நாயின் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடித்த முறை

ஆண்டு முழுவதும் பாதத்தை நக்குகிறது, காதில் புளித்த வாடை, குளிப்பாட்டிய மூன்றாம் நாளே மறுபடி சொறிகிறது என்றால், உணவில் கைவைப்பதற்கு முன் விலங்கு மருத்துவரிடம் தோலையும் காதையும் காட்டுங்கள். சிங்கப்பூரின் புழுக்கத்தில் ஈஸ்ட் தொற்று சுலபமாக வந்துவிடும். அதையும் தெள்ளுப்பூச்சியையும் தீர்க்காமல் உணவை மாற்றத் தொடங்கினால், சரியான உணவு கொடுத்தாலும் அரிப்பு நிற்காது. நிறையப் பேர் கைவிடுவது இங்கேதான்.

இரத்தம், உமிழ்நீர், முடி என்று விற்கப்படும் ஒவ்வாமைச் சோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். உணவு விஷயத்தில் அவற்றை நம்ப முடியாது. சந்தேகப்படும் உணவுகளை எட்டு வாரம் நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. நாய்களுக்கு அதிகம் சேராதவை மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை. நம் வீட்டில் மாட்டிறைச்சி வாங்காவிட்டாலும் கடையில் வாங்கும் உலர் உணவில் அது இருக்கலாம்.

மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரலைஸ்டு உணவு (புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்தது) பாதுகாப்பானது, விலைதான் அதிகம். இல்லையென்றால் நாய் இதுவரை சாப்பிடாத ஓர் இறைச்சி: கங்காரு, முதலை, பன்றி. கோழி சேராத நாய்க்கு வாத்தும் சேராமல் போகலாம். கடையில் கிடைக்கும் 'ஒரே இறைச்சி' பாக்கெட்டுகளில் லேபிளில் இல்லாத இறைச்சி கலந்திருப்பது உண்டு. அதனால் சமைப்பதையே நாங்கள் விரும்புகிறோம்.

5 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிராம் கொழுப்பில்லாத கங்காரு இறைச்சி, 200 கிராம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய். வேகவைத்து இரண்டு வேளையாகக் கொடுக்கலாம். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. வாரம் ஒருமுறை எடை பார்த்து அளவை மாற்றுங்கள். இதில் கால்சியம் போதாது. குட்டிகளுக்குக் கொடுக்கக் கூடாது. எட்டு வாரத்தைத் தாண்டினால் குறையும் சத்துகளுக்கு என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய உணவை ஐந்தாறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அது முழுதாக நின்ற நாளிலிருந்துதான் எட்டு வாரத்தை எண்ண வேண்டும். வயிற்றுப்போக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே அடங்கலாம், தோலுக்குத்தான் முழுக் காலமும் தேவை.

இந்த முயற்சி கெடுவது பெரும்பாலும் உணவால் அல்ல, சில்லறை விஷயங்களால். மாதாந்தர இதயப்புழு மாத்திரை மாட்டிறைச்சிச் சுவையில் வரும்; அதை நிறுத்தாமல், சுவையற்ற மாத்திரையையோ கழுத்தில் விடும் மருந்தையோ கேளுங்கள். நாய்ப் பற்பசையில் கோழிச்சுவை. மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் சீஸ். பாட்டி ஊட்டும் ஒரு கவளம் தயிர்ச்சாதம். புளோக் கீழே கிடக்கும் கோழி எலும்பு. இவற்றில் ஒன்று உள்ளே போனாலும் அரிப்பு திரும்பலாம், காரணமும் புரியாது. தாத்தா பாட்டி, பணிப்பெண், பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டி, தின்றதையும் சொறிந்ததையும் தினமும் குறியுங்கள். வெகுமதிக்கு அதே இறைச்சியை உலர்த்திக் கொடுத்தால் போதும்.

அரிப்பு அடங்கியதும் பழைய உணவைத் திரும்பக் கொடுக்க மனம் வராது. ஆனாலும் கொடுத்துப் பார்க்க வேண்டும், 14 நாள் வரை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ சொறியத் தொடங்கினால் உணவு ஒவ்வாமை உறுதி; உடனே நிறுத்துங்கள். எதுவும் ஆகாவிட்டால் தூசிப்பூச்சி போன்ற வேறு காரணத்தை மருத்துவரோடு தேடுங்கள். உறுதியானால், தோல் ஆறிய பிறகு வேகவைத்த கோழியை மட்டும் இரண்டு வாரம், பிறகு மாட்டிறைச்சி, பிறகு பால் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாகக் கொடுத்து நாய் சொறிந்தால், எது காரணம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும்.