அழுதுகொள், கையை மட்டும் அசைக்காதே

தடுப்பூசி அறையில் எனக்கு அதிகம் பழக்கமானது குழந்தைகளின் அழுகை அல்ல, பெரியவர்களின் பேச்சு. ஊசி உள்ளே போய் வெளியே வர ஓரிரு நொடி போதும். அதற்கு முன்னும் பின்னும் குழந்தையின் காதில் விழுவது ஏராளம். பையன் என்றால், "ஆண் பிள்ளை அழலாமா?", "சிங்கக்குட்டி அல்லவா நீ?", "அங்கே பார், அந்தப் பாப்பாவே அழவில்லை." பெண் குழந்தை என்றால், "பாவம், பயந்துவிட்டாள்." அழாமல் இருந்துவிட்டாலோ, "சமர்த்துப் பெண், வாயே திறக்கவில்லை." குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு இவை மனப்பாடம். யார் எதைச் சொல்லப்போகிறார் என்பதை அவர் நாற்காலியில் உட்கார்வதற்குள் ஊகித்துவிடலாம்.

ஆண் இப்படி, பெண் இப்படி என்ற அச்சில் வார்க்காமல் பிள்ளை வளர்ப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், உடனே பொம்மைக்கும் சட்டை நிறத்துக்கும் போய்விடுகிறது. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. பொம்மை கேட்கும் பெண் குழந்தையின் கையில் பிடிவாதமாக லாரியைக் கொடுப்பதும் திணிப்புதான். நின்று நிதானித்து வாங்கும் பொருள்களில் பெற்றோர் பலர் இப்போது கவனமாகவே இருக்கிறார்கள். பிள்ளைக்கு வலிக்கும்போது, நமக்குக் கை பதறும்போது வாயில் வருவதில்தான் பழைய சரக்கு அப்படியே இருக்கிறது. குழந்தையும் மற்ற நேரத்தைவிட அப்போதுதான் நம் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அழுகையை நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், பெட்டியிலிருந்து திடீரென்று எகிறும் பொம்மையைக் கண்டு கலங்கும் ஒன்பது மாதக் குழந்தையின் படப்பதிவைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பையன் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது கோபமாகத் தெரிந்தது. பெண் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதே முகம் பயமாகத் தெரிந்தது. 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு எங்கள் அறைக்கு இன்னும் நெருக்கமானது. ஐந்து வயதுக் குழந்தைக்கு விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்கும் காணொளியை 264 பேர் பார்த்தார்கள். சிலரிடம் அது ஆண் குழந்தை என்றும், சிலரிடம் பெண் குழந்தை என்றும் சொல்லியிருந்தார்கள். ஆண் என்று நம்பியவர்கள் வலிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். பையன்கள் தாங்கிக்கொள்வார்கள், அவனே அழுகிறான் என்றால் நிஜமாகவே வலிக்கிறது என்ற கணக்கு. பெண் அழுதால் அது வெறும் பயம், விட்டுவிடலாம்! ஆக, ஒருவனுக்கு அழ உரிமை இல்லை. இன்னொருத்தியின் அழுகைக்கு மதிப்பு இல்லை.

2019 ஆய்வில் அந்த வித்தியாசம் பெண் பார்வையாளர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. உலகச் செவிலியர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பெண்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை. எனவே இதை நான் பெற்றோர் மீதான புகாராக மட்டும் படிக்கவில்லை. சிரிஞ்சைப் பிடித்திருக்கும் எங்களுக்கும் சேர்த்துத்தான் அது.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். ஐந்து வயது இருக்கும். அப்பாவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். "என் பையன் அழவே மாட்டான் சிஸ்டர்" என்று பெருமையோடு அறிவித்துவிட்டார் அப்பா. பையனின் கீழுதடு உள்ளே போய்விட்டது. மூச்சை அடக்கிக்கொண்டான். சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தைத் தொட்டால் கட்டை மாதிரி விறைத்திருந்தது. விறைத்த தசையில் ஊசி போனால் கூடுதலாக வலிக்கும் என்பது எங்களுக்கு முதல் பாடம். அழக்கூடாது என்ற கட்டளையை அவன் தொண்டையால் மட்டும் நிறைவேற்ற முடியாது. உடம்பு முழுவதையும் இறுக்கித்தான் நிறைவேற்றியாக வேண்டும். நான் குனிந்து, "கொஞ்சம் வலிக்கும் தம்பி. வலித்தால் அழுதுகொள். கையை மட்டும் அசைக்காதே, அது உன் வேலை. மற்றதெல்லாம் என் வேலை" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தான். அவர் ஒரு கணம் தயங்கி, "சரி, அழுதுகொள்" என்றார். தோள் இறங்கியது. நீளமாக ஊதச் சொன்னேன், ஊதினான், ஊசி முடிந்தது. பிறகு நன்றாகவே அழுதான். அப்பா கொஞ்சம் கூச்சத்தோடு அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதில் என் சொந்தச் சரக்கு குறைவு. தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரைகளிலேயே இருக்கிறது: பதற்றத்தைக் கூட்டும் பேச்சு வேண்டாம், "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம், பெற்றவர் அணைத்துக்கொள்ளட்டும், கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கட்டும், ஒன்றுக்கு மேற்பட்ட ஊசி என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுங்கள். எங்குமே பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இல்லை. ஒரே வாக்கியத்தை இருவரிடமும் சொன்னால் போதும். கேட்பதற்கு எளிது, வாய்க்குப் பழக நாளாகும்.

அணைத்துக்கொள்வது என்றவுடன் அப்பாக்கள் எழுந்து வெளியே போவதுதான் வழக்கம். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. "அம்மா எங்கே? அம்மா பிடித்துக்கொள்ளட்டும்" என்று அறையில் இருப்பவர்களே கேட்கிறோம். "யார் பிடித்துக்கொள்கிறீர்கள்?" என்று நான் கேட்கத் தொடங்கிய பிறகு, முன்னால் வரும் ஆண்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் பிடிக்கும் விதம் மல்யுத்தம் போலத்தான் இருக்கும், சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடுகிறது. என்னோடு வேலை பார்க்கும் ஆண் செவிலியரைக் குழந்தைகள் "டாக்டர்" என்றும், எங்கள் பெண் மருத்துவரை "சிஸ்டர்" என்றும் கூப்பிடுகிறார்கள். "நான் நர்ஸ், அவர்தான் டாக்டர்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். குழந்தைகளுக்கு அது உடனே புரிந்துவிடும். "அப்படியா!" என்று வியப்பது கூட வந்த பெரியவர்தான்.

ஊசி முடிந்ததும் கொடுக்கும் ஒட்டுப்படங்களை முன்பு இரண்டு டப்பாக்களில் வைத்திருந்தார்கள். இப்போது ஒரே டப்பா. வண்ணத்துப்பூச்சியை எடுத்த பையனிடம், "கார் எடுத்துக்கொள்ளடா" என்று சொல்லும் மாமாக்கள் இன்னும் உண்டு. அந்த இடத்தில் நான் வாதாடுவதில்லை. அடுத்த குழந்தை காத்திருக்கிறது.

ஆனால் வளரிளம் பருவத்தினர் விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஊசி போட்ட பிறகு மயங்கிச் சரிவது அந்த வயதில்தான் அதிகம். அதனால் பதினைந்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும். முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை முத்திட்டிருக்கும், "தலை சுற்றுகிறதா?" என்றால் "ஒன்றுமில்லை" என்று எழுந்து நிற்பான். நண்பனும் கூட வந்திருந்தால் இன்னும் விறைப்பாக நிற்பான். ஐந்து வயதில் கற்ற பாடம் பதினைந்தில் தரையில் மண்டை மோதும் அபாயமாக வந்து நிற்கிறது. "தலை சுற்றுகிறது" என்று சொல்லும் பெண்ணை "நடிக்காதே" என்று அதட்டும் உறவினரையும் பார்த்திருக்கிறேன். இருவரையும் ஒரே மாதிரி உட்காரவைக்கிறேன், கேள்வியே கேட்காமல்.

புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "அக்கா, 'நீ வீரன்' என்று சொன்னால் பையன்கள் சட்டென்று கையை நீட்டிவிடுகிறார்கள். கூட்ட நேரத்தில் அது நல்லதுதானே?" நல்ல கேள்வி. நீட்டத்தான் செய்கிறார்கள், நேரமும் மிச்சமாகிறது. ஆனால் அந்த வீரர்களில் சிலர் அடுத்த தவணைக்கு வரும்போது வாசற்கதவை இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களை உள்ளே தூக்கிவர மூன்று பேர் தேவைப்படுகிறது. மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே செலவாகிவிடுகிறது.