104 கிலோவும் ஒரு செமன் ரிப்போர்ட்டும்

கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. முதல் ஒன்றரை வருஷம் டெஸ்ட் எல்லாம் மனைவிக்குத்தான்: தைராய்டு, ஸ்கேன், அப்புறம் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே (அன்று வேளச்சேரி வரை ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள்). என்னை எந்த டாக்டரும் கேட்கவில்லை, நானாகவும் போகவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கடைசியில் நானும் விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மில்லிக்கு 90 லட்சம் விந்தணு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கீழ் அளவே 1 கோடியே 60 லட்சம். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் குறைவு.

ஜிம்மில் ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றிருந்தார். டாக்டரிடம் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "போட்டா இருக்கிற கவுண்டும் போயிடும் சார்." ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால், மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, விந்தணு உற்பத்திக்காக விரைக்கு அனுப்புகிற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்கிற இரண்டு ஹார்மோன்களையும் குறைத்துவிடுமாம். என் தொப்பையும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. கொழுப்பில் இருக்கிற அரோமட்டேஸ் என்கிற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது, அது கூடக்கூட பிட்யூட்டரி சுருதியைக் குறைத்துக்கொள்கிறது. போதாததற்குத் தொடையிடுக்குச் சூடு வேறு. விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம், நான் மே மாத வெயிலில் ஓஎம்ஆரில் பைக் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை கொடுப்பார் என்று பார்த்தால், முதலில் என் 104 கிலோ எடையைக் குறைக்கச் சொன்னார். ராத்திரி புரோட்டா போனது, விடிகாலையில் பெசன்ட் நகர் பீச் வந்தது. விந்தணு உருவாகி வெளிவரவே ஏறக்குறைய 3 மாதம் ஆகும் என்பதால் அதுவரை டெஸ்ட் வேண்டாம் என்றார். மூன்று மாதம் கழித்து 6 கிலோ குறைந்திருந்தேன், கவுண்ட் அசையவே இல்லை. அன்று கோபத்தில் சாலிகிராமத்தில் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். எடை குறைந்தால் ஹார்மோன் பெரும்பாலும் ஏறும், கவுண்டுக்கு உத்தரவாதமில்லை என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை.

பத்தாவது மாதம் 89 கிலோ. கவுண்ட் 1 கோடியே 80 லட்சம், டெஸ்டோஸ்டிரோனும் ஏறியிருந்தது. குழந்தை இன்னும் இல்லை.

போன வாரம் ஊரிலிருந்து வந்த அத்தை, வழக்கம்போல மனைவியைப் பார்த்து "விசேஷம் ஏதாவது உண்டா?" என்றார். "என்னைக் கேளுங்க அத்தை, வைத்தியம் எனக்குத்தான் நடக்குது" என்றேன். அத்தை அதற்கப்புறம் காபியை ரொம்ப நேரம் ஆற்றிக்கொண்டிருந்தார்.