கணக்கப்பிள்ளை சந்தின் மூலம் தேடி

ஊரில் எல்லோரும் அதைக் கணக்கப்பிள்ளை சந்து என்றுதான் சொல்கிறார்கள். ஊர்க் கணக்கு எழுதுகிறவர் கணக்கப்பிள்ளை, வரி வசூலிக்கிறவர் மணியக்காரர்; 1980-ல் இந்தப் பதவிகளை அரசு ஒழித்துவிட்டது. சந்துக்கு அந்தப் பேர் அதற்கு வெகு முன்பே உண்டு. அந்த நிலம் முதலில் யார் கையில் இருந்தது, நடுவே வழி எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன். இதுவரை கிடைத்ததை எழுதி வைக்கிறேன்.

ஊரின் நில விவரமெல்லாம் புல எண் வாரியாக இருக்கும் அ-பதிவேட்டையும், நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வாங்கியதுமே ஒரு துப்பு கிடைத்தது. சந்து நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இல்லை, புஞ்சைப் புலத்தில் இருக்கிறது. பாதையும் இருபுறத்து மனைகளும் ஒரே புல எண்ணின் உட்பிரிவுகள். அதாவது, ஒரே கொல்லையைப் பிரித்து வழி விட்டிருக்கிறார்கள். அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்று தனிப் பத்தி இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. பின்னோக்கிப் போக அதுதான் வழி.

அந்த எண்ணை வைத்துப் அந்தக் காலத்தில் நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டைப் பார்த்தால், 'இனாம்' (மானியமாகக் கொடுத்த நிலம்) என்ற குறிப்பும் பக்கத்தில் டி.டி. எண்ணும் இருந்தன. டி.டி. என்பது, மானிய நிலங்களின் உரிமையை விசாரித்த இனாம் கமிஷன் கொடுத்த டைட்டில் டீடு, அதாவது உரிமைப் பத்திரம். 1858-ல் அமைத்த அந்தக் கமிஷனின் பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே அந்தப் பக்கத்தைத் திறந்தபோது எனக்குக் கை நடுங்கியது. மானியம் கொடுத்தது யார், முதலில் வாங்கியவர் யார், அன்று அனுபவித்தவர் யார், அவருக்கு முதலாமவர் என்ன உறவு என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். அனுபவித்தவர் முதலாமவரின் பேரன். நிலம் கணக்கு மானியம், அதாவது ஊர்க் கணக்கு எழுதும் ஊழியத்துக்காக விட்டது.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஊழிய மானியத்தை இஷ்டப்படி விற்க முடியாது, கணக்கு எழுதுகிறவருக்குத்தான் அது சேரும். கமிஷன் ஒரு தீர்வையைப் போட்டு, ஊழியத்திலிருந்து நிலத்தை விடுவித்த பிறகே அது குடும்பச் சொத்தானது. மனை மனையாக விற்றது அதற்கு அப்புறம்தான் நடந்திருக்க வேண்டும். சந்துக்கும் அதற்கு முன்னால் தேவை இருந்திருக்காது.

புலப்படத்தில் பாதையின் அகலம் 20 லிங்க் (பழைய சர்வே அளவு). 100 லிங்க் 66 அடி என்பதால், 13 அடிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, மாட்டு வண்டி தாராளமாகப் போகும். டேப் பிடித்துப் பார்த்ததில் கிழக்கு முனையில் இன்றும் அதே அளவு இருக்கிறது. நடுவில் வாசற்படிகள் வெளியே வந்து 9 அடியாகக் குறுகிவிட்டது.

சந்தில் இரண்டு வீட்டார் பழைய கிரயப் பத்திரங்களைக் காட்டினார்கள். முந்தைய பத்திரத்தின் நான்கெல்லையில் 'எனது மீதி புஞ்சைக்கு மேற்கு' என்று இருக்கிறது. அடுத்ததில் 'பொது வண்டிப்பாதைக்கு மேற்கு'. சரி, இந்த இரண்டுக்கும் இடையில்தான் சந்து பிறந்திருக்கிறது. ஆன்லைன் வில்லங்கம் அவ்வளவு தூரம் பின்னால் போகாது. அதனால் சார் பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித் தரும்படி மனு கொடுத்திருக்கிறேன். அந்த இடைவெளியில் கணக்கப்பிள்ளை குடும்பம் எழுதிக்கொடுத்த மற்ற கிரயங்கள் வந்தால், பாதை விட்டவர் அந்தப் பேரனா, அவர் பிள்ளைகளா என்பது தெரிந்துவிடும்.