நிகாப் போட்டுக்கொண்டு பிரான்ஸ் விசா எடுத்த கதை

தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். அவள் இருப்பது பாரிஸுக்கு வடக்கே லா கூர்நவ்வில். மாப்பிள்ளை காரைக்கால்காரர், தாத்தா காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமை. உம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் நான்தான் போக வேண்டும். நானோ கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நிகாப், அதாவது கண் மட்டும் தெரியும் முகத்திரை, போடுகிறவள். எங்கள் சென்னை மண்ணடியில் அது யார் கண்ணையும் உறுத்தாது. பிரான்ஸிலோ 2011 ஏப்ரல் 11 முதல் தெருவில் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம். "விசாவே தர மாட்டாங்களாமே" என்று அக்கம்பக்கத்தில் இன்னும் கேட்கிறார்கள். தருகிறார்கள்.

பாஸ்போர்ட் புதுப்பிப்பது சுலபமாக முடிந்தது. தலையில் துணி இருக்கலாம், ஆனால் தாடையிலிருந்து நெற்றி உச்சி வரைக்கும் முகத்தின் இரண்டு ஓரமும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விதி. கேமரா முன்னால் இருந்தது ஒரு பெண். நிகாபைத் தூக்கினேன், எடுத்தாள், இறக்கினேன்.

படுத்தி எடுத்தது விசா போட்டோதான். தெரு முனை ஸ்டுடியோக்கார அண்ணன் வெளியே நிற்க, அவர் மனைவி எடுத்துக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. விசா மையத்தில் கவுண்டர் பையன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், நெத்தில நிழல் விழுது" என்று தள்ளிவிட்டான். முக்காட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் கோடு போட்ட மாதிரி கறுப்பாக விழுந்திருந்தது. அங்கேயே காசு கட்டி மறுபடி எடுத்தோம். போகிறவர்கள் முக்காட்டை முடி தெரியாத அளவுக்கு எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளி, தாடைக்குக் கீழே ஊக்கைக் குத்துங்கள். வெள்ளைத் துணி வேண்டாம், பின்னால் இருக்கும் வெள்ளைத் திரையோடு கலந்துவிடும்.

அப்புறம் கைரேகை. பத்து விரலும் வேண்டும். பாத்திரம் தேய்த்தே என் கட்டை விரலில் ரேகை பாதி போயிருக்கிறது, போதாததற்கு ஒரு கல்யாணத்துக்கு வைத்த மருதாணி வேறு. மெஷின் சிவப்பு விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்து, அழுத்தி, திரும்ப அழுத்தி ஒருவழியாகப் பச்சை வந்தது. முகத்தைப் பார்க்கப் பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்டேன். "சாப்பிடப் போயிருக்காங்க, உட்காருங்க" என்றார்கள். காத்திருந்தேன், வந்தார். கேட்டால் கிடைக்கிறது, கேட்காமல் முறைத்துக்கொண்டு நின்றால் ஒன்றும் நடப்பதில்லை.

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னபோது அவர் வாக்காளர் பட்டியல் வழக்கை எடுத்தார். முகத்திரை போடும் கோஷாப் பெண்களின் படத்தைப் பட்டியலில் போடக் கூடாது என்று போட்ட வழக்கை 2006-ல் நம்ம ஹைகோர்ட் தள்ளியது. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும், முகம் காட்ட முடியாதென்றால் ஓட்டுப் போட வராமல் இருக்கலாமே என்கிற ரீதியில்தான் கேட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆளைச் சரிபார்க்க முகத்தைப் பார்க்கட்டும், பெண் ஒருத்தி பார்த்தால் போதும். எங்கள் ஓட்டுச்சாவடியில் அப்படித்தான் நடக்கிறது.

பிரான்ஸ் சட்டம் அந்த மாதிரி இல்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் காட்டு என்று அது சொல்லவில்லை, மூடவே மூடாதே என்கிறது. பாதுகாப்புக்காக என்றுதான் நம்ம ஊரில் பலரும் நினைக்கிறார்கள். 2014-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு வழக்குப் போனபோது, இப்படி ஒட்டுமொத்தமாகத் தடை போடப் பாதுகாப்பு என்ற காரணம் போதாது என்றார்கள், ஆண்-பெண் சமத்துவம் என்பதையும் ஏற்கவில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தால்தான் சேர்ந்து வாழ முடியும் என்ற ஒன்றை மட்டும் ஏற்றுச் சட்டத்தை நிற்க வைத்தார்கள். இருந்த காரணங்களிலேயே எனக்கு நொண்டியாகப் படுவது அதுதான். மண்ணடியில் மார்வாடிக் கடைக்காரரும் மீன்காரம்மாவும் என்னோடு இத்தனை வருஷம் சேர்ந்து வாழாமல் வேறென்ன செய்தார்கள்?

சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுச் சமாளிக்கலாமா என்று தங்கச்சியைக் கேட்டேன். உடம்புக்காகப் போடுகிற மாஸ்க்குக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. "உடம்புக்கு ஒண்ணுமில்லாம எதுக்கு லாத்தா பொய்யி" என்றுவிட்டாள். சரி, முகத்தைத் திறந்துகொண்டு போவதென்று முடிவெடுத்தேன்; முக்காட்டுக்குத் தெருவில் தடையில்லை. மீனம்பாக்கத்தில் திரைக்குப் பின்னால் பெண் போலீஸ் சோதனை முடிந்தது. துபாய் வரை நிகாபோடு போனேன். பாரிஸில் இறங்குவதற்கு முன் விமானக் கழிவறையில் கழற்றிக் கைப்பையில் வைத்தேன்.

முதல் சில நாள் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. முந்தானை இல்லாமல் வெளியே வந்துவிட்ட மாதிரி அடிக்கடி மூக்கைத் தொட்டுக்கொண்டேன். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுவும் உண்மை. குளிரில் மெட்ரோவில் பாதிப்பேர் மப்ளரை மூக்கு வரைக்கும் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது.

தங்கச்சிக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. "என் மாமியார் ஒரு வார்த்தை சொல்ல முடியாது லாத்தா. கட்டாயப்படுத்தினா அவங்களுக்குத்தான் ஜெயில்" என்கிறாள். கட்டாயப்படுத்தி முகத்தை மூடவைத்தால் ஒரு வருஷச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் என்று அதே சட்டம் சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் அவள் கட்டடத்திலேயே மேல் மாடியில் ஒரு அல்ஜீரியப் பெண், நிகாபைக் கழற்ற மனசில்லாமல் கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். அவளுக்குக் காய்கறி வாங்கிக் கொடுப்பது தங்கச்சிதான். இதை நான் சொன்னால், "அது அவ பிடிவாதம்" என்பாள். நான் விடுவதில்லை, அவளும் விடுவதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சண்டை போட்டோம், இப்போதும் போனில் போடுகிறோம்.

திரும்பும்போது துபாயிலேயே நிகாபைக் கட்டிக்கொண்டேன். மீனம்பாக்கத்தில் குடியேற்ற அதிகாரி முகம் பார்க்க வேண்டும் என்றார். பக்கத்துக் கவுண்டர் அம்மாவிடம் போய்த் தூக்கிக் காட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு பெட்டி எடுக்கப் போனேன்.